மணிக்கூண்டு என்ற சொல்லில் 'மணி' எங்கிருந்து வந்தது?

கடிகாரம் வைத்த கோபுரத்தை ஏன் 'கடிகாரக் கூண்டு' என்று சொல்லாமல் மணிக்கூண்டு என்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் கடிகாரம் எல்லோருக்கும் இல்லாத காலத்தில் ஊருக்கு நேரம் சொன்னது முள்ளை விட மணியோசைதான், கோபுரம் கண்ணில் படாத தெருவுக்கும் அது போய்ச் சேரும். அந்த மணி தொங்கும் இடம்தான் கூண்டு. இன்றும் நேரம் தெரிய 'மணி என்ன?' என்றுதானே கேட்கிறோம்!

இலங்கைத் தமிழில் இன்னும் அழகு: அங்கே கடிகாரமே மணிக்கூடு, அதனால்தான் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக யாழ்ப்பாணத்தில் கட்டியதை மணிக்கூட்டுக் கோபுரம் என்கிறார்கள்.

அப்புறம், லண்டனின் பிக் பென் என்பதும் உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர்தான்; கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர்.