போர் விமானங்களை ஒப்பிடுமுன் வேலையைச் சொல்லுங்கள்

கேள்வி: நான் வானூர்திப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரிக் கருத்தரங்கில் ரஃபேல், சுகோய்-30 எம்.கே.ஐ., எஃப்-35 மூன்றையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். வேகம், உந்துவிசை, பறக்கும் தொலைவு, ஆயுத எடை என்று அட்டவணை போட்டேன். பெரும்பாலான கட்டங்களில் சுகோய்தான் முந்துகிறது. ஆனால் எஃப்-35 வாங்கத்தான் பல நாடுகள் வரிசையில் நிற்கின்றன. என் அட்டவணையில் என்ன குறை? எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்: உங்கள் எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவை எந்த நிலையில் அளக்கப்பட்டவை என்பது அட்டவணையில் இல்லை. விமானம் எந்த வேலைக்குப் போகிறது என்பதும் இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் எந்த இரு போர் விமானங்களை ஒப்பிட்டாலும் பெரிய விமானம்தான் வெல்லும். சுகோய் பெரிய விமானம்.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். சுகோய் ஏறத்தாழ மாக் 2 (ஒலியின் வேகத்தைப் போல இரு மடங்கு), ரஃபேல் 1.8, எஃப்-35 1.6 என்று எழுதியிருப்பீர்கள். அந்த மாக் 2 என்பது பதினொரு கிலோமீட்டருக்கு மேல், மெல்லிய குளிர்ந்த காற்றில், இறக்கையின் கீழ் பெரிய சுமை இல்லாமல், எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னரை முழுமையாக எரித்து எட்டும் வேகம். ஆஃப்டர்பர்னர் எரியும்போது எரிபொருள் செலவு மூன்று நான்கு மடங்காகிவிடும். சில நிமிடங்களுக்கு மேல் யாரும் அப்படிப் பறப்பதில்லை. குண்டுகளையும் கூடுதல் டாங்குகளையும் தொங்கவிட்ட விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டுவதே அரிது. எஃப்-35 தன் குண்டுகளையும் ஏவுகணைகளையும் வயிற்றறைக்குள் வைத்துக்கொள்வதால், அதன் 1.6 ஆயுதத்தோடு சேர்த்த வேகம். ஆகவே இந்த மூன்று எண்களையும் ஒரே வரிசையில் எழுதுவதே தவறு.

உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தில் இன்னும் நுட்பமான சிக்கல் இருக்கிறது. நீங்கள் மாணவி என்பதால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ரஃபேலின் இரண்டு எம்-88 எஞ்சின்களும் சேர்ந்து 150 கிலோநியூட்டன் தருகின்றன. வெற்று எடை சுமார் 10 டன், உள் டாங்குகளில் 4.7 டன் எரிபொருள். சுகோய்க்கு ஏறத்தாழ 246 கிலோநியூட்டன், 18.4 டன், 9.6 டன். எஃப்-35ஏ-வுக்கு 191 கிலோநியூட்டன், 13.3 டன், 8.3 டன். ஆயுதங்களை விட்டுவிட்டு, டாங்க் நிறைந்த நிலையில் பார்த்தால் ரஃபேல் 1.04, மற்ற இரண்டும் 0.9-ஐ ஒட்டி. பாதி டாங்கில் ரஃபேல் 1.24, எஃப்-35 1.12, சுகோய் 1.08. இரண்டிலும் ரஃபேல்தான் மேல் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் சுகோயின் பாதி டாங்க் ரஃபேலின் முழு டாங்குக்குச் சமம்! பாதி டாங்கோடு சண்டையில் இறங்கும் சுகோயிடம் வீடு திரும்ப 4.8 டன் இருக்கிறது, ரஃபேலிடம் 2.3 டன்தான் இருக்கிறது. சுகோய் கனமானது, அதன் எஞ்சின்களின் பசியும் பெரியது. எனவே சதவீதத்தை விட்டுவிட்டு, தளத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் போய், இத்தனை நிமிடம் சண்டையிட்டுத் திரும்ப ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எடையில் விகிதத்தைக் காணுங்கள். கருத்தரங்கில் இந்த ஒரு கணக்கை மட்டும் ஒழுங்காகச் செய்து காட்டினாலே உங்கள் பேச்சு தனித்து நிற்கும்.

அடுத்தது, யார் முதலில் பார்க்கிறார் என்பது. இன்றைய வான் சண்டையில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. ரேடார் சமன்பாட்டைப் படித்திருப்பீர்கள். திரும்பி வரும் அலையின் வலிமை தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. அதனால் ஒரு விமானத்தின் ரேடார் தோற்றத்தை, அதாவது ரேடாருக்கு அது தெரியும் அளவை, பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும், அது கண்டறியப்படும் தொலைவு பாதியாகத்தான் குறையும். பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமென்றால் தோற்றத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். எஃப்-35 வடிவம் அப்படி அமைந்ததற்கும், அதன் விலைக்கும் காரணம் இந்த நான்காம் அடுக்குதான். சுகோயின் 'பார்ஸ்' ரேடார் பெரியது, வலிமையானது. ஆனால் அதைச் சுமக்கும் உடலும் எதிரியின் ரேடாரில் பெரிதாகவே தெரியும். மேலும் ரேடாரை இயக்கும் விமானம் தான் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறது. அதனால் வெப்பத்தைக் கொண்டு எதிரியைத் தேடும் கருவி, எதிரியின் அலைகளைச் சத்தமின்றிக் கேட்கும் கருவி, வான்வழி எச்சரிக்கை விமானத்திலிருந்து தகவல் வாங்கும் வசதி ஆகியவற்றுக்கும் உங்கள் அட்டவணையில் இடம் வேண்டும்.

ரேடாரில் எளிதில் சிக்காதபடி அமைக்கும் இந்த ஸ்டெல்த் என்றால் கண்ணுக்கே தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். 1999 மார்ச்சில் செர்பியப் படை பழைய சோவியத் எஸ்-125 ஏவுகணையால் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தை வீழ்த்தியது. குறைந்த அதிர்வெண் ரேடார்கள் இத்தகைய விமானங்களை ஓரளவு பார்க்கும். குறிவைத்துச் சுடும் அளவுக்குத் துல்லியமாகப் பார்ப்பதுதான் கடினம். ரேடார் தோற்றத்தின் அளவு என்று இணையத்தில் உலவும் 'ரேடார் குறுக்குப் பரப்பு' எண்களை நான் எங்கும் பயன்படுத்துவதில்லை. எந்தக் கோணத்தில், எந்த அதிர்வெண்ணில் என்று சொல்லாத அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஏவுகணை வீச்சும் இப்படித்தான். நூற்றைம்பது கிலோமீட்டர் என்று விளம்பரத்தாள் சொன்னால், அது உயரத்தில் வேகமாகப் பறந்து ஏவி, எதிரியும் நேராக நம்மை நோக்கி வரும்போது கிடைக்கும் வீச்சு. அதே எதிரி தாழ்வாகப் பறந்து திரும்பி ஓடினால் அந்த வீச்சில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். சாதாரண ஏவுகணையின் மோட்டார் முதல் சில நொடிகளிலேயே எரிந்து முடிந்துவிடும். மீதித் தூரம் சேர்த்து வைத்த வேகத்தில்தான் போகும். ரஃபேல் சுமக்கும் மீட்டியோர் ஏவுகணையின் சிறப்பு, காற்றை உள்ளிழுத்து எரியும் அதன் ராம்ஜெட் மோட்டார் வழியெல்லாம் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கக்கூடியது என்பது. கடைசிக் கட்டத்தில் எதிரி வளைந்து தப்ப முயலும்போதும் அதற்குத் தெம்பு இருக்கும். எனவே அதிகபட்ச வீச்சைவிட, தப்ப முடியாத எல்லை எவ்வளவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பயிற்சிச் சண்டைகளின் முடிவுகளை யாராவது மேற்கோள் காட்டுவார்கள். 2004-இல் குவாலியரில் நடந்த 'கோப் இந்தியா' என்ற இந்திய-அமெரிக்கக் கூட்டுப் பயிற்சியில் இந்திய விமானிகள் அமெரிக்க எஃப்-15 விமானங்களைத் திணறடித்தார்கள் என்பது உண்மை. நம் விமானிகளின் திறமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதில் அமெரிக்கர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தார்கள், நெடுந்தூர ஏவுகணைகளின் பயன்பாட்டுக்கும் கட்டுப்பாடு இருந்தது. 2015-இல் எஃப்-16-இடம் எஃப்-35 தோற்றது என்று கசிந்த அறிக்கையும் அவ்வாறே. பறந்தது ஆரம்பகாலச் சோதனை விமானம், முழுமையான மென்பொருளும் கருவிகளும் அதில் இல்லை. 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதல் பற்றியும் கேட்பார்கள். இழப்பு ஏற்பட்டதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் ஒப்புக்கொண்டார், எண்ணிக்கையைச் சொல்லவில்லை. விழுந்த சீன பி.எல்.-15 ஏவுகணையின் சிதைவுகளை நம் தரப்பே காட்டியது. இதை வைத்து ரஃபேலா, பாகிஸ்தானின் சீனத் தயாரிப்பு விமானமான ஜே-10சி-யா என்று தீர்ப்பு எழுத வேண்டாம். மோதியவை ரேடார், எச்சரிக்கை விமானம், தகவல் இணைப்பு, ஏவுகணை என்ற இரண்டு சங்கிலிகள்.

விமானியின் பயிற்சியை எண்ணாக்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வியட்நாம் போர் அதை எண்ணாகவே காட்டியது. தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஒரு விமானத்தை இழந்தால் எதிரியிடம் இரண்டு மூன்றைத்தான் வீழ்த்த முடிந்தது. 1969-இல் கலிபோர்னியாவின் மிராமரில் டாப்கன் என்ற வான்சண்டைப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகு அது சுமார் பன்னிரண்டாக உயர்ந்தது. விமானம் அதே எஃப்-4 ஃபேன்டம்தான். அமெரிக்க விமானப்படை தன் ஃபேன்டமில் பீரங்கியைப் பொருத்தியது, கடற்படை அதைக்கூடச் செய்யவில்லை. ஆனாலும் முன்னேறியது கடற்படைதான்.

சரி, எப்படி ஒப்பிடுவது? வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். கடலில் நெடுந்தூரம் போய் எதிரிக் கப்பலைத் தாக்க வேண்டுமா? 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் 222-ஆம் ஸ்குவாட்ரனை சுகோயோடு நிறுவியது அதற்காகத்தான். இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்க எஃப்-35-ஆல் முடியாது. அடர்ந்த வான் பாதுகாப்புக்குள் முதல் நாளே நுழைய வேண்டுமா? எஃப்-35-ஐ அதற்கென்றே வடிவமைத்தார்கள். ஸ்டெல்த் இல்லாமலும் ஓரளவு முடியும் என்பதற்கு 2011 மார்ச் 19 சான்று. லிபியாவின் வான் பாதுகாப்பு அழிக்கப்படும் முன்பே பிரெஞ்சு ரஃபேல்கள் பெங்காசிக்கு மேல் பறந்தன. அவற்றின் ஸ்பெக்ட்ரா மின்னணுத் தற்காப்பு அதற்குத் துணை. ஆனால் அன்றைய லிபியா வேறு, இன்றைய சீன எல்லை வேறு. சிறிய படை ஒரே விமானத்தால் வான் காவல், குண்டுவீச்சு, கப்பல் தாக்குதல் எல்லாவற்றையும் செய்ய வேண்டுமென்றால் மூன்றில் என் தேர்வு ரஃபேல்.

நம் விமானப்படை 126 விமானங்களுக்காக நடத்திய தேர்வை மாதிரியாகக் கொள்ளலாம். ஆறு விமானங்களைப் பெங்களூருவிலும், ஜெய்சல்மேர் வெயிலிலும், காற்று மெலிந்த லேயிலும் 600-க்கும் மேற்பட்ட அளவுகோல்களில் சோதித்தார்கள். 2011-இல் ரஃபேலும் ஐரோப்பிய டைஃபூனும் தேறின. அதன் பிறகே விலையையும் ஆயுட்காலச் செலவையும் ஒப்பிட்டு 2012-இல் ரஃபேலைத் தேர்ந்தார்கள். அந்த ஒப்பந்தம் நிறைவேறாமல் பின்னர் 36 மட்டும் வாங்கியது தனிக் கதை.

தயார்நிலை என்ற கட்டத்தையும் மறக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த ஆண்டு மார்ச்சில் எஃப்-35 விமானங்களில் 55 சதவீதம்தான் பணிக்குத் தயாராக இருந்தன. கொட்டகையில் உதிரிப் பாகத்துக்காகக் காத்திருக்கும் விமானத்தின் ஸ்டெல்த் யாருக்கும் உதவாது. உதிரிப் பாகம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, மென்பொருளை மாற்றும் உரிமை யாரிடம், நம் ஏவுகணையை அதில் பொருத்தலாமா என்பவையும் இந்தக் கட்டத்தில்தான் வரும். சுகோயில் பிரம்மோஸையும் அஸ்திரா ஏவுகணையையும் நாமே பொருத்தினோம்.

இனி அட்டவணையைத் திருத்தும்போது, ஒவ்வோர் எண்ணின் அருகிலும் எந்த உயரம், எவ்வளவு எரிபொருள், என்ன ஆயுதம் என்று எழுதுங்கள். எழுத முடியாத எண் இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். ஏன் காலி என்று கேட்டால், மேலே சொன்ன காரணங்களில் பொருந்துவதைச் சொல்லுங்கள்.