வெறும் வலையோடு திரும்பிய நாளும் கணக்கில் உண்டு

கேள்வி: சிறு படகு மீனவர்களுக்குப் புள்ளியியலின் அடிப்படைகளைக் கற்பிக்க முயல்கிறேன். “கடலை அறிந்த எங்களுக்குக் கணக்கு எதற்கு?” என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கான விடையை அவர்களுடைய மீன்பாட்டிலிருந்தே காட்டுங்கள். ஐந்து நாள் மீன்பாடு 4, 0, 6, 50, 0 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெறும் வலையோடு திரும்பிய இரண்டு நாள்களைக் குறிக்காமல் விட்டால் சராசரி 20 கிலோ, குறித்தால் 12. ஐந்தையும் ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் நிற்பதோ வெறும் 4. நாளுக்கொரு குவியலாகக் கூழாங்கற்களை அடுக்கிக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே ஒரு நாள் மற்ற நான்கையும் எப்படி மறைத்துவிடுகிறது என்பதைப் பிடித்துக்கொள்வார். இருபதை நம்பிக் கடன் தவணைக்கு ஒப்புக்கொண்டவர் என்ன ஆவார் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை.

அடுத்தது உழைப்பு. முன்பு 2 மணி நேரத்தில் கிடைத்த 30 கிலோவுக்கு இன்று 6 மணி நேரம் வலை போட வேண்டியிருந்தால், மொத்தம் மாறாவிட்டாலும் மணிக்கு 15 கிலோ என்பது 5 ஆகிவிட்டது. ஆகவே எடையோடு நேரம், வலையின் நீளம், கண்ணி அளவு ஆகியவற்றையும் குறிக்கப் பழக்குங்கள்.

இந்தக் கணக்கும் ஏமாற்றக்கூடும் என்பதை மறைக்காதீர்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1980களில், காட் மீன் குறைகிறது, சிறுத்தும் வருகிறது என்று கரையோர மீனவர்கள் முறையிட்டார்கள். பெரிய வலைகளை இழுத்து மீன்பிடிக்கும் கப்பல்களோ, மிஞ்சிய மீன் திரண்டிருந்த இடங்களைத் தேடிச் சென்று பிடித்ததால், ஒரு மணி நேரத்துக்கு அவற்றின் மீன்பாடு உயர்ந்தே இருந்தது. அரசின் மதிப்பீடுகள் அந்த எண்களைப் பெரிதும் நம்பின. 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டு, பல்லாயிரம் பேர் தொழிலை இழந்தார்கள். கரையோரத்தார் கண்டது தொடர்ச்சியான எண்களாக அவர்கள் கையிலேயே இருந்திருந்தால், அதை ஒதுக்கித் தள்ளுவது அத்தனை எளிதாக இருந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். மாத முடிவில் அந்த எண்களையே வரைபடமாக்கி அவர்கள் முன் விரியுங்கள். எந்த நாள் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை, காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த அவர்கள்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.