சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் எப்படி உருவானது?

சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்ய 1966-இல் உருவாக்கிய குடியிருப்பு இது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் முன்னின்றவர்.

காரணம் வயிற்றுப்பாடு. அன்று நவீன ஓவியத்தை வாங்க இங்கே ஆளில்லை. படித்து முடித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்தார்கள். அதனால் சங்கமாகக் கூடி பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றி வடிவம் வரைந்த துணி), கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். நாலு பேர் சீட்டுக் கட்டி மனை வாங்குவது மாதிரி, அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார்கள். துணி வயிற்றுக்கு, ஓவியம் மனசுக்கு. எனக்குப் பிடித்ததே இந்தக் கெட்டிக்காரத்தனம்தான்!

அப்புறம், இது அரசு இலவசமாகக் கொடுத்த இடம் என்று நினைக்க வேண்டாம். கலைஞர்கள் உழைத்து வாங்கியது.