மேட்லாப் படித்தது வீணாகாது, அம்மா

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து பேசிய அம்மாவுக்கு,

மூன்று வருஷமாக, கணக்குப் போடும் மேட்லாப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிப் பழகிய உங்கள் மகளிடம், கோயம்புத்தூரில் இன்டர்ன்ஷிப் போன இடத்தில் பழைய மேட்லாப் புரோகிராம்களைப் பைத்தான் என்ற இன்னொரு மொழிக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டார்கள். "படிச்சதெல்லாம் வீணாப் போச்சுங்களா சார்? கடன் வாங்கியாவது பைத்தான் கோர்ஸ்ல சேர்த்துடட்டுங்களா?" என்று கேட்டீர்கள். வீணாகவில்லை. கடனும் வாங்காதீர்கள்.

1970களின் கடைசியில், மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழியில் எழுதித் திண்டாடாமல் அணி (மேட்ரிக்ஸ்) கணக்குகளைப் போடட்டும் என்றுதான் கிளீவ் மோலர் என்ற பேராசிரியர் மேட்லாப்பை உருவாக்கினார். அப்போது மொழி மாறியது, கணக்கு மாறவில்லை. இப்போதும் அப்படித்தான். மேட்லாப்புக்கு லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும், பைத்தானும், அதில் இந்தக் கணக்குகளைப் போட உதவும் நம்பை (NumPy) என்ற புரோகிராம் தொகுப்பும் இலவசம். அதனால் பலர் மாறுகிறார்கள். மாற்றித் தர இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகள் பாதி தூரம் வந்துவிட்டாள்.

மீதி பாதியை உங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்வது எளிது. வேலந்தாவளம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் 'வெள்ளம்' என்பது ஊரை அடித்துக்கொண்டு போவது. மலையாளத்தில் அதே சொல் குடிக்கிற தண்ணீர். தெரியாத சொல்லென்றால் அர்த்தம் கேட்டுக்கொள்வோம். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். புரோகிராமிலும் பெயர் மாறியிருந்தால் கம்ப்யூட்டரே பிழை காட்டிவிடும். ஒரே பெயருக்கு வேறு அர்த்தம் இருந்தால் சத்தமே இல்லாமல் தப்பான விடை வரும்.

2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எண்களுக்கு இரண்டிலும் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) கேட்கச் சொல்லுங்கள். மேட்லாப் 2.138 என்னும், நம்பை 2 என்னும். எட்டு எண்கள் இருந்தும், கணக்கின் நடுவே முன்னது 7ஆல் வகுக்கிறது, பின்னது 8ஆல். 2.5ஐ முழு எண்ணாக்கினால் அங்கே 3, இங்கே 2. நட்சத்திரக் குறி மேட்லாப்பில் அணிப்பெருக்கல். நம்பையில் உறுப்புக்கு உறுப்பு பெருக்கல். வரிசை எண் அங்கே 1இல் தொடங்கும், இங்கே 0இல். இதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும்.

ஏஐ ஒரு நிமிஷத்தில் மாற்றித் தந்துவிடுமே என்றும் பயந்தீர்கள். தரும். விடை சரியா என்று பொறுப்பேற்க ஆள் வேண்டுமே! பழைய புரோகிராமுக்குக் கொடுத்த அதே தரவைப் புதியதற்கும் கொடுத்து, விடைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பத்தாவது தசம இடத்துக்கு அப்பால் லேசாக வேறுபட்டால் பெரும்பாலும் கவலையில்லை; மூன்றாவதிலேயே வேறுபட்டால் காரணம் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது. இந்தப் பொறுமைக்குத்தான் சம்பளம்.

வீட்டில் பழக ஆக்டேவ் என்ற மென்பொருள் போதும். மேட்லாப் புரோகிராம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும், காசு கிடையாது. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் இணையதளத்தில் தமிழிலேயே கேட்டுப் படிக்கப் பாடங்கள் இருக்கின்றன.

ரெஸ்யூமில் 'பைத்தான் தெரியும்' என்று மட்டும் எழுத வேண்டாம். எந்தப் புரோகிராமை மாற்றினாள், எந்தப் பிழையைப் பிடித்தாள் என்று இரண்டு வரி போதும். அடுத்த முறை வரும்போது அவளையும் அந்த நோட்டையும் கூட்டி வாருங்கள். அந்த இரண்டு வரியைச் சேர்ந்து எழுதிவிடலாம்.