கேள்வியும் தந்தியும்

கே: ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டில் முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு இயற்றினார் என்கிறார் என் மருமகன். காசியில் யோகியிடம் இருந்துவிட்டு வந்த மகான் அப்படிச் செய்திருப்பாரா?
(வாசகி, கோவில்பட்டி)

ப: மருமகன் சொன்னால் உண்மையாக இருக்கக்கூடாதா, அம்மா? 'சந்ததம் பாஹிமாம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ச ச ரி நி, ச ரி. க க ம க, ரி ச. அதே மெட்டுதான். சொல் சமஸ்கிருதம், ராஜாவின் இடத்தில் சியாமளை. தீட்சிதர் 1775-இல் திருவாரூரில் பிறந்தவர், இளமையில் சென்னையை அடுத்த மணலியில் குடும்பத்தோடு இருந்தார். வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் காதில் விழுந்தது அங்கேதான். இப்படி ஏறக்குறைய 40 பாட்டுகள், எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுரங்களில். நொட்டுஸ்வரம் என்கிறோம்.

என் வீணை வகுப்பில் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். கமகம், அதாவது சுரத்தை அசைப்பதும் வழுக்குவதும், கிடையாது. வீணைத் தண்டின் குறுக்கே இருக்கும் மெட்டுக்கட்டையில் விரலை வைத்து மீட்டினால் போதும், தந்தியை இழுக்க வேண்டாம். அதே மனிதர் திருவாரூர் கமலாம்பாள்மேல் செய்த கமலாம்பா நவாவரணப் பாட்டுகளுக்கு வந்து பாருங்கள். இழுத்து இழுத்து என் இடக்கை விரல்களில் காய்ப்பே விழுந்திருக்கிறது.

கே: தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகளில் யார் பெரியவர்?
(வாசகர், சேலம்)

ப: மூவரும் பிறந்தது திருவாரூர். ஊர் பெரியது என்று சொல்லி நழுவிக்கொள்கிறேன்.

கே: தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்துவிட்டார். ஒலிப்பதிவு இல்லாத காலம். 'தீட்சிதர் பாடம் இதுதான்' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
(வாசகர், தஞ்சாவூர்)

ப: அவருடைய தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனை வித்துவான். தம்பியின் மகள் வயிற்றுப் பேரன், பின்னர் அவருக்கே சுவீகாரப் பிள்ளையானவர், சுப்பராம தீட்சிதர். குடும்பத்தில் வழிவழியாக வந்த பாடும் முறையை, அதாவது பாடாந்தரத்தை, எழுதித் தரும்படி அவரை விடாமல் வற்புறுத்தியவர் ஏ.எம்.சின்னசாமி முதலியார், நம் கிருதிகளை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் அச்சிட்டு வந்த கிறிஸ்தவர். மறுபடியும் பேண்டு வாத்தியக்காரர்களின் எழுத்து வந்து உதவியிருக்கிறது, பாருங்கள்! எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வந்தது. அதில் தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229. எங்கே அசைப்பது, எங்கே வழுக்குவது என்று சுரங்களுக்குக் கமகக் குறிகளும் உண்டு.

ஆனால் இன்று மேடையில் கேட்பது பல இடங்களில் அந்தப் புத்தகத்தோடு ஒத்துப்போவதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவி ஒன்றை நானே இருபது வருடமாக வேறு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். பிரதர்சினியைப் பார்த்துத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் விரல் தானாகப் பழைய இடத்துக்கே போய்விட்டது. என் ஆசிரியை சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்.