ஆல்ஃபா சென்டாரியில் ராட்சதக் கோளா? பினாங்கு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பட்டர்வொர்த்திலிருந்து: அண்ணே, ஆல்ஃபா சென்டாரியில் கோள் கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

இன்னும் உறுதியாகவில்லை தம்பி. ஆல்ஃபா சென்டாரி நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திர மண்டலம்; அதில் ஏ, பி என்ற இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, அங்குள்ள ஏ நட்சத்திரத்தின் அருகே மங்கலான ஒரு புள்ளியைப் பிடித்தது. நட்சத்திரத்தைவிட 10,000 மடங்குக்கும் மேல் மங்கல். கோள்தான் என்றால் நிறை சனிக்கோள் அளவுக்கு இருக்கும். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தபோது புள்ளி அகப்படவில்லை.

ஆயர் ஈத்தாமிலிருந்து: அப்படியானால் முதலில் பார்த்ததே பிழைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அது கோளாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று முடித்துவிடும். நீள்வட்டப் பாதை வேறு. சாத்தியமான பாதைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பாதைகளில் அது அந்த மாதங்களில் நட்சத்திரத்தை ஒட்டி, ஒளிக்குள் மறைந்துதான் இருந்திருக்கும். ஆனாலும் பொறுமை வேண்டும். இதே மண்டலத்தில் பி நட்சத்திரத்துக்கு ஒரு கோள் என்று 2012-ல் அறிவித்தார்கள். 2015-ல் அது தரவுகளில் வந்த மாயத்தோற்றம் என்று தெரிந்தது. இன்னொரு முறை புள்ளி தென்பட்டால்தான் நான் கோள் என்று சொல்வேன்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: மகன் படிவம் இரண்டு படிக்கிறான். இரண்டு சூரியன்கள் இழுத்தால் கோள் சிதறிப் போகாதா என்று கேட்கிறான், சார்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். ஏ-யும் பி-யும் ஒன்றையொன்று சுற்ற ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகும். மிக நெருங்கும்போதுகூட, நம் சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிக இடைவெளி இருக்கும். அதனால் ஏ-யை ஒட்டிச் சுற்றும் கோளை பி பறித்துவிட முடியாது. பூமி–சூரியன் தூரத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் ஆபத்து. இந்தக் கோள் ஒன்றுக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் சுற்றுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: அங்கே உயிர் இருக்குமா?

அது இருந்தால் சனியைப் போன்ற வாயுக்கோளாகத்தான் இருக்கும்; அதில் நிற்கத் தரையே இல்லை. குளிரும் சுமார் மைனஸ் 48 பாகை. எனக்குள்ள கவலை வேறு: இவ்வளவு பெரிய கோள் நீள்வட்டத்தில் சுற்றினால், பூமி மாதிரிச் சின்னக் கோள் அங்கே நிலைத்திருப்பது கடினம்.

பாயான் லெப்பாஸிலிருந்து: நம் ஊரிலிருந்து அந்த நட்சத்திரத்தைப் பார்க்கலாமா?

தாராளமாக! தமிழ்நாட்டு உறவினர்களைவிட நமக்கு அது உயரமாகவே தெரியும். ஜூன் நடுவில் இரவு 10 மணி வாக்கில் நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து 24 பாகை உயரத்தில் இருக்கும். பத்து ஃபெரிங்கி கடற்கரை வடக்குப் பார்த்தது, அங்கே போகாதீர்கள். தெலுக் கும்பார் பக்கம் போனால் தெற்கே கடல்தான். முதலில் தென்சிலுவை என்ற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டத்தைப் பிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கும்; அவற்றில் சிலுவையிலிருந்து அதிகம் தள்ளி இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, சிறிய தொலைநோக்கியில் ஏ, பி என்று இரண்டாகப் பிரியும். கோள் நம் கருவிகளுக்கு எட்டாது. ஆனால் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் இன்பத்துக்கே ஒரு முறை போகலாம். மேகம் இல்லாத இரவாகப் பார்த்துக் கிளம்புங்கள், அப்புறம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.