டர்பன்டைன் டப்பாவும் கணபதி ஹோமமும்: கேள்வி பதில்

பெயின்ட் ஆலை ஒன்றில் 23 ஆண்டுகள் தீப்பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன் நான். பெயின்ட், வார்னிஷில் கலக்கவும் பிரஷ் கழுவவும் வாங்குகிற டர்பன்டைன் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள். வந்த வரிசையிலேயே போகலாம்.

வேலூர் வாசகர்: எங்கள் பெயின்டர் ஒரு கிண்ணம் டர்பன்டைனில் எரிகிற தீக்குச்சியைப் போட்டுக் காட்டினார். குச்சிதான் அணைந்தது. அப்படியானால் பெட்ரோல் மாதிரி பயப்பட வேண்டியதில்லைதானே?

எந்த மாதத்தில் காட்டினார்? மார்கழியாக இருக்கும். டர்பன்டைனின் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 35 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு வந்தால்தான் பொறி பட்டதும் பற்றுகிற அளவுக்கு அதன்மேல் ஆவி சேரும். பெட்ரோலுக்கு இது மைனஸ் 40-ஐ ஒட்டி இருப்பதால் அது எந்நேரமும் தயார். டர்பன்டைன் குளிரில் சாது. ஆனால் உங்கள் வேலூரில் சித்திரை மாத நிழலே 40-ஐத் தாண்டுமே! அதே கிண்ணத்தை அன்றைக்கு மொட்டை மாடிக் கொட்டகையில் வைத்துக் குச்சி போட்டால் பெயின்டரின் புருவம் போயிருக்கும். அதிலும் துணியில் நனைந்திருந்தால் மார்கழியிலும் விளக்குத்திரி போல எரியும்.

இன்னொன்று. அதன் ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போகும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்வதற்கு முன்பே பற்றக்கூடிய கலவையாகிவிடும். ஒரு கிரகப்பிரவேச வீட்டில் பார்த்தேன். இரவு 11 மணிக்குத் தேக்குக் கதவுக்கு இரண்டாவது கோட் வார்னிஷ். தூசி ஒட்டக் கூடாதென்று ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. மாடிப்படிக்கு அடியில் பிரஷ் ஊறுகிற தகர டப்பா, மூடியில்லாமல். விடியற்காலை 4.30-க்குக் கணபதி ஹோமம். கற்பூரத்தைக் கையில் எடுத்த சாஸ்திரிகள் மூக்கை உறிஞ்சினார். "முதல்ல ஜன்னலைத் திறங்கோ, அப்புறம் அக்னி" என்று எழுந்துவிட்டார். அந்த வீட்டில் இன்ஜினியர் இரண்டு பேர் இருந்தார்கள், என்னையும் சேர்த்து.

தஞ்சாவூர்: மிச்சமான டர்பன்டைனைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?

கூடாது. யாராவது குடித்துவிடுவார்கள்.

கோவை தச்சர்: லின்சீட் ஆயிலில் டர்பன்டைன் கலந்து தேக்குக்கு அடிக்கிறேன். துடைத்த பனியன் வேஸ்ட் தானாகவே பற்றிக்கொள்ளும் என்கிறார்களே?

உண்மைதான். ஆனால் குற்றவாளி டர்பன்டைன் அல்ல, லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய். அது காய்வது ஈரம் உலர்கிற மாதிரி அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது, அப்போது சூடு கிளம்புகிறது. பலகைமேல் இருக்கும்போது அந்தச் சூடு காற்றோடு போய்விடும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் உள்ளேயே தங்கி, சூடு ஏற ஏற வேகமும் ஏறும். சில மணி நேரத்தில் காரமான ஒரு நெடி, பிறகு புகை, பிறகு நெருப்பு. பக்கத்தில் மரத்தூள் மூட்டை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை. ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் மரவேலை செய்தவர்கள் விட்டுப்போன லின்சீட் துணிகளில்தான் தீ தொடங்கியது. 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். 30-வது மாடியில் தீயின் சூட்டில் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்ததால் அங்கே நின்றது.

நீங்கள் செய்ய வேண்டியது: துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள். அப்பளம் மாதிரி விறைத்த பிறகு குப்பையில் போடலாம். நேரமில்லை என்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள்.

மதுரை ஓவியர்: கடையில் டர்பன்டைன் வாங்கினால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. கலப்படமா?

இல்லை, அது மினரல் டர்பன்டைன், கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அசல் டர்பன்டைன் பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடிப்பது. இமாசலத்தில் நாகன், பிலாஸ்பூர் ஆலைகளில் 'சீர்' என்ற வகைப் பைன் மரத்தின் பிசினிலிருந்து எடுக்கிறார்கள். பைன் சரக்கு திறந்து கிடந்தால் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

விருதுநகர் ஹார்டுவேர் கடைக்காரர்: நல்லவேளை, கலப்படம் இல்லை என்று காப்பாற்றினீர்கள். பைன் டர்பன்டைன் இயற்கை, அதனால் கெடுதல் இல்லை என்கிறார்களே?

அரளி விதையும் இயற்கைதான். பைன் டர்பன்டைன் காற்று பட்டுப் பழசானால் தோலில் கரப்பான் கிளப்பும் பொருள்கள் அதில் உண்டாகும். பெயின்டர் கைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். பற்றுகிற விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

மதுரை ஓவியர் (மறுபடி): அந்தக் காலத்து ஓவியர்கள் எல்லாம் பைன் டர்பன்டைனில்தானே வரைந்தார்கள்? ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாமலா? நாள் முழுக்க அந்த ஆவியைச் சுவாசித்தவரின் சிறுநீரில் வயலட் பூ வாசம் வரும் என்பது பழைய மருத்துவர்களுக்குத் தெரிந்த அடையாளம். பூ வாசம் என்று சந்தோஷப்பட வேண்டாம், மூச்சில் போனது ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். பைன் டர்பன்டைனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: குளோரினோடு அதற்கு ஆகாது. சூடான டர்பன்டைனில் நனைத்த தாளைக் குளோரின் ஜாடிக்குள் விட்டால் தானே பற்றிக் கருப்புப் புகை கக்கும். பழைய வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். குளோரின் கிளம்புகிற பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கிற அலமாரியில் டர்பன்டைனை வைக்காதீர்கள். கடைக்காரர் ஐயா, இது உங்களுக்கும்தான்.

மதுரைக்காரர் மூன்றாவதாகவும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஜன்னலைத் திறந்துவைத்து வரையுங்கள் சார், நாம் அப்புறம் சண்டை போடலாம்.

திருச்சி: தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, 'விஷம்' என்று லேபிள் ஒட்டினால் போதாதா?

மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா? இருட்டில் தாகத்தோடு எழுகிற தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டா குடிப்பார்? தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் அதுதான் பெரிய ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

நாகர்கோவில்: சர்க்கரையில் சில சொட்டு விட்டுச் சாப்பிட்டால் குடல்பூச்சி போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

டாக்டரைப் பாருங்கள். மேலே உள்ள பதிலையும் படியுங்கள்.

ஓசூர்: டப்பாவில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். டர்பன்டைன் தண்ணீரில் மிதக்கும், நெருப்பும் அதோடு சேர்ந்து வழிந்து வரும். மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். சிந்தியது எரிந்தால் மணல், அல்லது பவுடர் தீயணைப்பான்.

திண்டுக்கல்: தின்னருக்கும் இதே விதிதானா?

தின்னர் இதைவிட மோசம், பெட்ரோலின் பங்காளி. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குகிறேன்.

சேலம்: பிரஷ் கழுவிய அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் விடலாமா?

கூடாது. மூடிவைத்து இரண்டு நாள் அசைக்காமல் விடுங்கள். வண்ணம் அடியில் வண்டலாகத் தங்கிவிடும், மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பிரஷ் கழுவலாம். வடித்ததைக் கடையில் வாங்கிய அதே தகர டப்பாவில் ஊற்றுங்கள். பாட்டிலா என்று அடுத்து ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்கும் இதே பதில்.